ஸ்ப்ளிட்டிலும் டுப்ரோவ்னிக்கிலும் கப்பல் நிற்கும் ஒரு பகலில் ஆறு நண்பர்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: நண்பர்கள் ஆறு பேர் செப்டம்பரில் இத்தாலியின் டிரியெஸ்டேயில் கப்பல் ஏறி ஏழு இரவு போய்வருகிறீர்கள். குரோவேஷியாவின் ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக், மாண்டினீக்ரோவின் கோட்டோர் மூன்றிலும் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும். கப்பல் கம்பெனி விற்கும் ஷோர் எக்ஸ்கர்ஷன் என்னும் கரைச் சுற்றுலா எடுப்பதா, சொந்தமாகச் சுற்றுவதா? ஸ்ப்ளிட்டிலிருந்து கிர்கா அருவியும் டுப்ரோவ்னிக்கிலிருந்து போஸ்னியாவின் மோஸ்டார் பாலமும் பார்த்துவிட முடியுமா? ஒருவருக்கு மூட்டு வலி, இருவர் சுத்த சைவம். கம்பெனி கேட்கும் விலை அதிகம் என்று எழுதியிருந்தாலும், கேள்வியின் அடியில் இரண்டு பயம் தெரிகிறது. கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்பது ஒன்று. ஆறு பேரில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் நாள் முடியவேண்டுமே என்பது இன்னொன்று. அந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்கிறேன்.

ஏட்ரியாட்டிக் கடலில் ஓடும் கப்பல்களில் இந்தக் கரைச் சுற்றுலாக்களை விற்கும் கவுன்டரில் பல சீசன் வேலை பார்த்தவன் நான். அதனால் விற்பவன் பக்கத்து நியாயமும் தெரியும், அநியாயமும் தெரியும். கட்டணம் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொரு சீசனும் மாறுகிறது, பழைய விலையை நம்பிப் போனால் கடுப்புதான் மிஞ்சும்.

முதலில் நேரக் கணக்கு. எட்டு முதல் ஐந்து என்றதும் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து இறங்கு பாலம் திறக்கவே எட்டரை ஆகிவிடலாம். கப்பல் துறையில் கட்டாமல் நங்கூரம் போட்டு நின்றால் டெண்டர் என்னும் சிறு படகில்தான் கரைக்குப் போகவேண்டும். அதற்கு எண் போட்ட சீட்டு வாங்கிக்கொண்டு உங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை லவுஞ்சில் உட்கார்ந்திருக்கவேண்டும். கம்பெனி சுற்றுலா எடுத்தவர்களுக்கே பெரும்பாலும் முதல் படகுகள். சாயங்காலம் எல்லோரும் ஏறிவிடவேண்டிய நேரம் பொதுவாகக் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வரும். கடைசி டெண்டர் அதற்கும் முன்னால். வரிசைக்கும் தாமதத்துக்கும் ஒன்றரை மணி ஒதுக்கிவிட்டால் நிஜமாகக் கையில் நிற்பது ஆறரை மணி நேரம், டெண்டர் துறைமுகமானால் அதிலும் கொஞ்சம் குறையும். இத்தாலி, குரோவேஷியா, மாண்டினீக்ரோ மூன்றிலும் ஒரே கடிகாரம் என்பது உங்களுக்கு ஒரு நிம்மதி. கிரீஸ் வரை போகும் கப்பல் என்றால் ஒரு மணி நேர வித்தியாசம் வரும், அங்கேதான் போன் ஒரு நேரம், கப்பல் ஒரு நேரம் என்று பலர் ஏமாறுவார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கம்பெனி சுற்றுலாவின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்த்துவிடும் செலவு கம்பெனியுடையது. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். பல கப்பல்களில் வராதவர்களின் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, கரையிலிருக்கும் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அப்புறம் அடுத்த ஊருக்கு உங்கள் செலவில் ஓடவேண்டும். அந்த ஏஜென்டின் போன் நம்பர் தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும், இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வான் ஓட்டுகிறவர்களில் சிலர் 'கப்பலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு' என்று விளம்பரம் போடுவார்கள். சேர்க்காவிட்டால் ஹோட்டலுக்கும் டிக்கெட்டுக்கும் யார் பணம் தருவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஆகவே நான் சொல்லும் வழி எளிது. கப்பலிலிருந்து அரை மணிக்குள் போகும் இடங்களுக்குக் கம்பெனிக்குப் பணம் கொடுக்காதீர்கள். சாலையில் ஒரு மணிக்கு மேல் போகவேண்டிய இடத்துக்குச் சொந்தமாகப் போகாதீர்கள். நடுவில் வரும் தூரத்துக்கு, ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. எட்டு இருக்கை வானும் டிரைவரும் பேசிக்கொண்டால் தலைக்கு வரும் செலவு பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸைவிடக் குறையும், நாற்பது பேர் கழிவறைக்குப் போய்வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இதன்படி கிர்காவைப் பாருங்கள். ஸ்ப்ளிட்டிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் ஸ்க்ராடின் ஊரிலிருந்து படகோ, கிர்கா தேசியப் பூங்காவின் லோசோவாட்ஸ் வாசலிலிருந்து பூங்கா பஸ்ஸோ பிடிக்கவேண்டும். போகவேண்டும் என்றால் கம்பெனி சுற்றுலாவில் போங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்க்ராடின்ஸ்கி புக் அருவியின் கீழே எல்லோரும் நீந்துகிற படங்கள் இணையம் முழுக்க இருக்கின்றனவே, அந்தக் குளியல் 2021 தொடக்கத்திலிருந்து தடை. மரப்பலகைப் பாதையில் வரிசையில் நடந்து பார்த்துவிட்டு வருவதுதான். இதைச் சொல்லாமல் பழைய படத்தைப் போட்டு விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிக்க ஆசைப்பட்டுத்தான் கிர்கா என்றால், வேண்டாம்.

மோஸ்டார் இன்னும் சிக்கல். டுப்ரோவ்னிக்கிலிருந்து போக மட்டுமே இரண்டரை மூன்று மணி நேரம், நடுவில் போஸ்னியா எல்லைச் சோதனை. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் நேயும் என்னும் கடலோர ஊர் வழியாக போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேறும் தொல்லையை நீக்கிவிட்டது உண்மைதான். ஆனால் அது குரோவேஷியாவின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் போகிறவர்களுக்கு. மோஸ்டாருக்குப் போகிறவர்கள் எப்படியும் எல்லை கடந்துதான் ஆகவேண்டும். ஆறரை மணி நேரத்தில் இது முடியாது. டுப்ரோவ்னிக்கில் இரவு தங்கும் கப்பலுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இனி ஸ்ப்ளிட். நடுத்தர அளவுக் கப்பல் என்றால் துறையிலேயே கட்டும், பத்துப் பதினைந்து நிமிட நடையில் ரீவா என்னும் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடலாம். அந்தச் சாலையின் பின்சுவரே ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியனின் அரண்மனை. பதவியை விட்டு 305-இல் இங்கே வந்து குடியேறினார். டிக்கெட் வாங்கி உள்ளே போகும் நினைவுச்சின்னம் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவருக்குள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ரோமத் தூணுக்கு நடுவே துணி காயும், வளைவுக்கு மேல் யாரோ ஒருவரின் ஏசி தொங்கும். ரீவாவிலிருந்து தெற்கு வாசல் வழியாக நிலவறைக்குள் இறங்கி, நினைவுப் பொருள் கடைகளைத் தாண்டிப் படியேறினால் பெரிஸ்டைல் என்னும் முற்றம். இந்த வழிக்குக் காசு கிடையாது, நிலவறையின் மற்றப் பகுதிக்குத்தான் டிக்கெட். முற்றத்தில் தூண்களுக்கு நடுவே கறுப்புக் கல்லில் ஒரு ஸ்பிங்க்ஸ் படுத்திருக்கும். எகிப்திலிருந்து கொண்டுவந்தது, அரண்மனைக்கே அது ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. பலர் அதன்மேல் கையூன்றி செல்பி எடுப்பார்கள், என்னவென்றே தெரியாமல்.

அருகிலுள்ள எண்கோணக் கதீட்ரல் அந்தச் சக்கரவர்த்திக்காகக் கட்டிய கல்லறை மண்டபம். கிறிஸ்தவர்களைக் கடுமையாக ஒடுக்கியவர் அவர். அந்த ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டவர் டோம்னியஸ், பக்கத்து ரோம நகரமான சலோனாவின் ஆயர். அவர் பெயரில் இன்று சக்கரவர்த்தியின் கல்லறையே கோயிலாகிவிட்டது. இது உறுதியான வரலாறு. சக்கரவர்த்தியின் உடலும் பெட்டியும் என்ன ஆயின என்பதற்கு வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் கதை. இந்த அரண்மனைத் தோட்டத்தில்தான் அவர் முட்டைக்கோஸ் பயிரிட்டார் என்பதும் அப்படித்தான். பழைய நூலில் முட்டைக்கோஸ் வருகிறது, ஆனால் அது குறிப்பிடும் ஊர் சலோனா. வடக்கு வாசலுக்கு வெளியே நிற்கும், கிர்குர் என்னும் ஆயரின் சிலையின் கால் கட்டைவிரலைத் தேய்த்தால் நல்லது நடக்கும் என்பார்கள். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். இவான் மெஷ்ட்ரோவிச் செய்த அந்தச் சிலை 1929-இல்தான் வைத்தது, முதலில் பெரிஸ்டைலில் நின்றது. ஆக அந்த நம்பிக்கைக்கும் வயது அவ்வளவு ஒன்றும் இல்லை. தேய்த்துவிட்டு வாருங்கள், நஷ்டமில்லை.

பத்தரை வாக்கில் அரண்மனையை முடித்துவிட்டால் மிச்ச நேரத்தில் ஆறு பேரும் பிரிந்துகொள்ளலாம். பிரிவதில் தப்பே இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு இடம் குறித்துக்கொண்டால் போதும். ஒன்றாக வந்தோமே என்று ஆறு பேரும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு நடப்பதில்தான் சண்டை வரும். கவுன்டரில் நான் பார்த்த நண்பர் கூட்டங்களில் மாலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பியவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஒருவர் கடைக்குள், ஒருவர் வெயிலில். நடக்கக்கூடியவர்கள் மேற்கே மர்யான் குன்றுக்குப் படியேறலாம். பாதி தூரத்திலேயே ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியிலிருந்து துறைமுகம் முழுதும் தெரியும், உங்கள் கப்பலும் தெரியும். கடல் வேண்டும் என்பவர்களுக்குத் துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடையில் பாச்விட்சே. இந்தக் கரையில் அபூர்வமான மணல் கடற்கரை, நெடுந்தூரம் கணுக்கால் ஆழம்தான். அங்கே உள்ளூர்க்காரர்கள் பித்சிகின் ஆடுவார்கள்: வட்டமாக நின்று, சின்னப் பந்து தண்ணீரில் விழாமல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். புள்ளியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. தலை நரைத்த ஆசாமி ஒருவர் பந்துக்காகத் தண்ணீருக்குள் குப்புற விழுந்து, எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். செப்டம்பரில் நிச்சயம் ஆட்டம் இருக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆனால் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

வான் பேசிக்கொண்டால் அரை மணிக்குச் சற்றுமேல் ஓட்டத்தில் த்ரோகிர். பாலத்தில் இணைந்த சின்னத் தீவு நகரம், தேவாலய வாசலில் ரடோவான் என்னும் சிற்பி 1240-இல் செதுக்கிய ஆதாமும் ஏவாளும் சிங்கங்களின் மேல் நிற்கிறார்கள். வழியில் சலோனாவின் இடிபாடுகளையும் பார்த்துவிடலாம், கூட்டமே இருக்காது. ஸ்ப்ளிட்டில் நான் பணம் செலவழிப்பதென்றால் இதற்குத்தான். நீலக்குகை என்று பீஷேவோ தீவுக்கு விரைவுப் படகில் கூட்டிப்போகும் சுற்றுலாவைத் தொடவேண்டாம். தூரம் அதிகம், தெற்கேயிருந்து யூகோ காற்று எழுந்தால் குகையை மூடிவிடுவார்கள், அது காலையில் போய் நின்றபிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

டுப்ரோவ்னிக்கில் முதலில் பார்க்கவேண்டியது கப்பல் எங்கே நிற்கிறது என்பதை. க்ரூஷ் துறைமுகம் என்றால் பழைய நகரம் சுமார் மூன்று கிலோமீட்டர், நகரப் பேருந்து அதன் மேற்கு வாசலான பிலே வாயிலில் இறக்கிவிடும், ஊபரும் ஓடுகிறது. பழைய நகரத்துக்கு எதிரே நங்கூரம் போட்டால் டெண்டர் நேரே பழைய துறைமுகத்திலேயே இறக்கும், மூட்டு வலிக்காரருக்கு அது வரம். இங்கே பிரச்சினை கூட்டம். ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கப்பல், 4,000 பயணிகள் என்று நகராட்சி 2019-இல் கப்பல் கம்பெனிகளோடு பேசி வரம்பு வைத்தது. ஆனாலும் பத்து மணியிலிருந்து மதியம்வரை பிலே வாயிலில் மூச்சு முட்டும்.

கோட்டைச் சுவர் நடைதான் இந்த ஊரில் நான் யாருக்கும் விட்டுவிடச் சொல்லாத ஒன்று. 1,940 மீட்டர் சுற்று, படிகள் ஏராளம், நிழல் கிடையவே கிடையாது. சுவர் டிக்கெட்டுக்கும் ஒரு நாள் டுப்ரோவ்னிக் பாஸுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. பாஸில் சுவரோடு அருங்காட்சியகங்களும் பேருந்தும் சேர்ந்துவிடும், கிளம்புமுன் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் பிலே பக்கம் ஏறுவார்கள், நீங்கள் கிழக்கே ப்ளோச்சே பக்கத்து வாசலில் ஏறுங்கள். எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் நடக்கவேண்டும் என்பதால் அங்கே தொடங்கினால் மின்செட்டா கோபுரம்வரை உள்ள செங்குத்தான ஏற்றம் கால் களைக்குமுன் முடிந்துவிடும், பிறகு கடல் பக்கம் இறக்கமும் சமதளமும்தான். மேலே நின்று கூரைகளைப் பாருங்கள். பெரும்பாலானவை புது ஆரஞ்சு நிறம், நடுவே அங்கங்கே மங்கிய பழைய ஓடு. யூகோஸ்லாவியா உடைந்த போரின் 1991-92 முற்றுகையில் பழைய நகரத்தின் 824 கட்டடங்களில் 563-இல் குண்டு விழுந்தது. 1991 டிசம்பர் 6 மிக மோசமான நாள். புது ஓடெல்லாம் குண்டு விழுந்த வீடு என்று சில வழிகாட்டிகள் கணக்குச் சொல்வார்கள், அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். ஓடு மாற்ற வேறு காரணங்களும் உண்டு.

மூட்டு வலி உள்ளவர் சுவர் ஏறவேண்டாம். ஸ்ட்ராடூன் என்னும் முக்கியத் தெரு சமதளம். ஆனால் பல நூற்றாண்டுக் காலடியில் தேய்ந்த சுண்ணாம்புக் கல், மழை பெய்தால் எண்ணெய் தடவிய தரை. ரப்பர் அடி செருப்பு போடச் சொல்லுங்கள். மேற்கு முனையில் 1438-இல் கட்டிய ஓனோஃப்ரியோ நீரூற்று, பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். அவருக்கும் உயரத்திலிருந்து பார்க்கும் ஆசை இருந்தால் ஸ்ர்ஜ் மலை கேபிள் கார் நாலு நிமிடத்தில் ஏற்றிவிடும். 1969-இல் தொடங்கி, போரில் நாசமாகி, 2010-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. கீழ் நிலையத்துக்கு ஸ்ட்ராடூனிலிருந்து நடந்தால் படிகள் உயிரை வாங்கும், டாக்ஸியில் அனுப்புங்கள். வடக்கிலிருந்து பூரா என்னும் காற்று பலமாக வீசினால் கேபிள் கார் நின்றுவிடும். சுவரும் வெயிலும் வேண்டாம் என்பவர்கள் பழைய துறைமுகத்திலிருந்து கால் மணிப் படகில் லோக்ரும் தீவுக்குப் போய் மயில்களுக்கு நடுவே படுத்துக்கிடக்கலாம். ப்ளோச்சே வாயிலுக்கு வெளியே கடலோரமாக நீளமான லசரெட்டி கட்டடங்கள் இருக்கின்றன, பழைய தனிமைக் காவல் மனைகள். கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று 1377-லேயே சட்டம் போட்ட நகரம் இது. இப்போது ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வந்து ஐந்து மணிக்கு ஓடிவிடுகிறோம்.

கோட்டோரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கப்பல் மதிலை ஒட்டியே நிற்கும் அல்லது டெண்டர் அங்கே இறக்கும். கம்பெனி சுற்றுலா எதுவும் வேண்டாம். விரிகுடாவுக்குள் கப்பல் நுழையும் காலை நேரத்தில் தூங்கிவிடாமல் மேல்தளத்தில் நில்லுங்கள், அதுதான் அந்த ஊரின் சிறப்பு. பெலமுள்ளவர்கள் சான் ஜொவானி கோட்டைக்கு ஏறட்டும், மற்றவர்கள் பக்கத்து ஊரான பெராஸ்ட் போய்ப் படகில் தீவுத் தேவாலயத்தைப் பார்த்து வரட்டும்.

சைவக்காரர்களுக்கு. மீன் நாடு என்று பயப்படவேண்டாம். ஸ்ப்ளிட்டில் அரண்மனையின் கிழக்குச் சுவரை ஒட்டிய பசார் சந்தையில் சோபர்னிக் கேளுங்கள். மெல்லிய இரண்டு மாவுத் தட்டுக்கு நடுவே நறுக்கிய கீரையும் வெங்காயமும் வைத்து, அடுப்புத் தரையில் தணல் மூடிச் சுட்டு, மேலே ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தடவி, சாய்சதுரமாக வெட்டித் தருவார்கள். முட்டை, பால் எதுவும் இல்லை. உணவகங்களில் உருளைக்கிழங்கோடு வேகவைத்த கீரை, பிளித்வா, பெரும்பாலும் மீனுக்குத் துணையாக வரும், தனியாகவும் கேட்கலாம். காளான் சேர்த்தது என்று நினைத்துக் கறுப்பு ரிஸோட்டோ வாங்கிவிடாதீர்கள், அது கணவாய் மீனின் மை. டுப்ரோவ்னிக் இனிப்பான ரோஸாட்டாவில் முட்டை உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று. எல்லோருக்கும் இந்திய பாஸ்போர்ட் என்று எழுதியிருந்தீர்கள். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) யூரோவிலும் சேர்ந்துவிட்டது, தனி விசா, பழைய நாணயமான குனா நோட்டு என்று சொல்லும் பழைய பக்கங்களை ஒதுக்கிவிடுங்கள். மாண்டினீக்ரோவிலும் யூரோதான் புழக்கம், ஆனால் அது ஷெங்கனுக்கு வெளியே. கோட்டோரில் நீங்கள் கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் கப்பல் ஷெங்கனை விட்டுப் போய் மறுபடி இத்தாலிக்குள் வருகிறது. ஒருமுறை நுழைவு விசாவோடு டிரியெஸ்டே செக்-இன்னுக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிட வாய்ப்பு அதிகம். ஆறு பேருடைய விசாவிலும் நுழைவு எண்ணிக்கை என்று இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதில் 1 என்று இருப்பவர் கப்பல் கம்பெனியிடமும் விசா கொடுத்த தூதரகத்திடமும் இந்த வாரமே எழுதிக் கேட்கட்டும்.